மற்றக் கம்பனியின் நிறம்

கொன்ஸ்ரன்ரைன் எடுத்த எண்பத்தாறு முகங்களும் ஒரே நாளில் திரும்பி வந்தன. மண்ணிற உறைக்குள் இறப்பர் வளையம் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் ஊதா மையில் ஒரே முத்திரை: "நிறம் பொருந்தவில்லை."

அவருக்குப் பள்ளிமுனையில் ஸ்ரூடியோ இருந்தது. வீட்டின் முன்னறைதான் ஸ்ரூடியோ. அறையின் ஒரு மூலையில் மனைவி பெற்றிசியா போட்டோப்பிரதி இயந்திரம் வைத்திருந்தார். பதினெட்டு வருடமாக அந்தப் பகுதியில் நடந்த, பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மை, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றையும் கொன்ஸ்ரன்ரைன்தான் படம் பிடித்தார். அவருடைய படங்களைப் பற்றி ஊரில் ஒரேயொரு முறைப்பாடுதான் இருந்தது. அவற்றில் ஆட்கள் தங்களைப் போலவே இருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மன்னார் நகரத்தில், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில், கரையோர அடையாளச் சீராக்கல் அலுவலகம் திறக்கப்பட்டது. கரையோரக் குடும்பங்களுக்கு ஓர் அட்டை வழங்குவதே அதன் வேலை. அலுவலகம் திறப்பதற்கு முன்னர் அப்படியொரு அட்டை இல்லையே என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திறந்த பிறகு, அட்டை இல்லாதவருக்குப் படகு இலக்கம் இல்லை, இலக்கம் இல்லாத படகு கடலில் இறங்கக்கூடாது என்று ஆயிற்று. இந்த வருடம், முதற் கட்டமாக, தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி அரிப்பு என்ற கரையோரக் கிராமத்திலும் அதை அண்டியும் குடியிருந்த எண்பத்தாறு பேருக்கு அட்டை கொடுப்பதாகத் தீர்மானித்தார்கள். படமெடுக்கும் பொறுப்புக்குக் கொன்ஸ்ரன்ரைன் மட்டும் விண்ணப்பித்திருந்ததால் கடும் போட்டிக்குப் பின்னர் அவர் தெரிவுசெய்யப்பட்டதாகக் கடிதம் வந்தது.

படங்களை அரிப்புக் கோயில் மண்டபத்தில் எடுத்தார். கடைசியாக வந்து அமர்ந்தவர் வின்சன்ட். ஐம்பத்தொரு வயது. பதினாறு வயதில் படகேறிப் போய், இருபத்தெட்டு வருடம் முகாமில் இருந்துவிட்டு மனைவி சுகந்தினியோடு திரும்பியவர். சேர்த்துச் சேர்த்து ஒரு படகு வாங்கியிருந்தார். அது பூவரச மரத்தின் கீழ் கவிழ்ந்து கிடந்தது.

"தம்பி, சட்டுப்புட்டெண்டு எடுத்து அனுப்பிவிடுங்கோ. வாடைக்காத்துத் தொடங்கினா நான் திரும்பவும் கரையிலதான் நிக்கவேணும். ரெண்டு வருசமா மற்றவன்ர படகில கூலிக்குப் போறன்" என்றார் வின்சன்ட்.

"ஒரு கிழமையில முடிஞ்சிடும் அண்ணை. படம்தானே" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

படம்தானே என்று அவர் சொன்னது சித்திரை மாதம்.

உறை திரும்பி வந்த மறுநாள் அவர் அலுவலகத்துக்குப் போனார். முகாமைத்துவ உதவியாளர் நிறஞ்சலா சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்து ஒரு வரியை விரலால் காட்டினார். "அட்டைக்கான உருவப்படமானது, படப்பிடிப்பாளர் பாவிக்கும் கமெராக் கம்பனி தவிர்ந்த மற்றக் கம்பனியின் பிலிம் பாணி நிறத்தில் அமைதல் வேண்டும்."

கொன்ஸ்ரன்ரைன் அதை மூன்று முறை வாசித்தார்.

"பிள்ளை, எந்த மற்றக் கம்பனி?"

"கம்பனிப் பேர் எழுதினா ரெண்டர் விதிக்குப் பிழையாம். அதால மற்றக் கம்பனி எண்டு போட்டிருக்கு."

"அப்ப நான் அந்தக் கம்பனியின்ர கமெராவையே வாங்கினா?"

நிறஞ்சலா கொஞ்சம் யோசித்தார். "வாங்கினா அது உங்கட கம்பனி ஆயிடும். பிறகு இப்ப வச்சிருக்கிறது மற்றக் கம்பனி ஆயிடும், அண்ணை."

"இந்தக் கந்தோரில அந்தக் கமெரா இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

"இருக்கு. அலுமாரிக்குள்ள." அவர் இரும்பு அலுமாரியைக் காட்டினார். அதன் பூட்டில் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது. "பொருட்பதிவுச் சபை கூடி இலக்கம் போடும்வரைக்கும் ஒருத்தரும் தொட ஏலாது. சபைக்கு மூண்டு பேர் வேணும். ரெண்டு பேர்தான் நியமனமாகியிருக்கினம்."

உள்ளறையில் பணிப்பாளர் மில்ரன் இருந்தார். அவருடைய கதிரைக்கு நேரெதிரே, மேற்குச் சுவரில், பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய படமே தொங்கியது. சட்டத்தின் கீழே "முன்னுதாரணப் படம்" என்று பித்தளைத் தகடு. இரண்டு வருடத்துக்கு முன்னர் கொழும்பில் நடந்த பயிற்சிப் பட்டறையில் ஒரு வெளிநாட்டு ஆலோசகர் தன்னுடைய கமெராவால் எடுத்த படம். அதில் பணிப்பாளரின் கன்னம் பாலாடை போல இருந்தது. நிழல் விழுந்த இடங்களில் மெல்லிய பச்சை ஓடியது. உதட்டின் சிவப்பு அடங்கி, கறுப்பு மீசை சாம்பலாகி, ஆள் ஏதோ பழைய ஐரோப்பியப் படத்தில் மாலை வெயிலில் நிற்பவர் போலத் தோன்றினார்.

"பாத்தீங்களோ?" என்றார் பணிப்பாளர். "இதுதான் பிலிம் நிறம். அமைதி. கௌரவம். நீங்கள் அனுப்பின படங்களையும் பாத்தன். என்ன கொன்ஸ்ரன்ரைன் அது? ஒவ்வொரு முகத்திலயும் கஷ்டம் தெரியுது."

"அவை கஷ்டப்பட்ட சனம்தானே, சேர்."

"அது எங்களுக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியக்கூடாது. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தா, இந்தச் சனத்தை ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு நினைப்பான். கவனிக்கிறதுக்கு எங்களிட்ட நிதி இல்லை. நிறத்துக்கு இருக்கு."

கொன்ஸ்ரன்ரைன் சுவரிலிருந்த படத்துக்குக் கிட்டப் போனார். வேறு ஒன்றும் தோன்றாததால், முன்னுதாரணப் படத்தைத் தன்னுடைய தொலைபேசியில் படம் பிடிக்க அனுமதி கேட்டார். எழுத்தில் விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம் என்று பணிப்பாளர் சொன்னார். விண்ணப்பம் பதினொரு நாட்களில் அனுமதிக்கப்பட்டது.

அந்தப் படத்தைக் கணினியில் ஒருபக்கமும் வின்சன்டின் படத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். தன்னுடைய கமெரா தரும் நிறம் அவருக்குக் கைரேகை போலத் தெரியும். சிவப்பு சற்றுத் தூக்கல், நீலம் சுத்தம், கறுப்பு அடர்த்தி. அதை மற்றக் கம்பனியாக்குவதற்குக் கறுப்பைச் சாம்பலாக உயர்த்தினார். நிழலுக்குள் பச்சையை விட்டார், வெளிச்சத்தில் மஞ்சளைத் தொட்டார், சிவப்பை அரைவாசியாக்கினார், மேலே பொடிமணலைத் தூவியது போலப் பிலிம் துகள் போட்டார். பெற்றிசியாவை யன்னலோரம் இருத்தி, காலையில், மத்தியானத்தில், பின்னேரத்தில் என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் பெற்றிசியா நாலாம் நாள். "நீங்கள் பாக்கிறது என்ர முகத்தையோ, அந்தாளின்ர கன்னத்தையோ?"

"கொஞ்சம் அசையாமல் இரும்."

"அடுப்பில சோறு இருக்கு."

"நிழலில பச்சை வந்திட்டுது. இன்னும் ஒரு சொட்டு மஞ்சள்தான்."

சோறு அடிப்பிடித்தது. நிறம் வந்துவிட்டது. வைகாசி நடுப்பகுதியில் எண்பத்தாறு படங்களையும் அச்சடித்துக்கொண்டு மறுபடி போனார்.

இந்த முறை படங்கள் நிற ஒத்திசைவு உத்தியோகத்தர் றொசாந்தனிடம் சென்றன. றொசாந்தன் மீன்பிடியியலில் பட்டம் பெற்றவர். மீன்பிடித் திணைக்களத்தில் வெற்றிடம் இல்லாதபடியால் நிறத்துக்கு நியமிக்கப்பட்டவர். அவர் மேசை லாச்சியைத் திறந்து, சுவருக்கு அடிக்கும் பெயின்ற் நிறங்களின் மட்டை ஒன்றை எடுத்தார். கீழே இரும்புக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் மட்டை. அதை வின்சன்டின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முன்னுதாரணப் படத்தருகே போய்ப் பணிப்பாளரின் கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

"சேர் ‘பாலாடை நாலு’. இவர் ‘ஈரமண் பதினொண்டு’. எடுத்த முறை நல்லாயிருக்கு அண்ணை. நிழல் சரி, துகள் சரி. ஆனா ஆள் கறுப்பு."

"ஆள் கறுப்புத்தான் தம்பி. கடலில நிக்கிற மனிசன்."

"கறுப்பு பிழையெண்டு நாங்கள் சொல்லேல்லை. அப்பிடிச் சொன்னா அது பாகுபாடு." றொசாந்தன் உண்மையாகவே வருத்தப்பட்டது போலத் தெரிந்தது. "பாகுபாடு வரக்கூடாது எண்டுதான் எல்லாரையும் ஒரு நிறத்துக்குக் கொண்டுவரச் சொல்லுறம். சேரின்ர நிறம் இருக்கெண்டபடியால் அதை அளவா வச்சிருக்கிறம். உங்களிட்ட வேற பொது நிறம் இருந்தா விண்ணப்பியுங்கோ."

முத்திரை எண்பத்தாறு முறை விழுந்தது.

படங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வேறொரு கடிதம் காத்திருந்தது. பதிவுபெற்ற படப்பிடிப்பாளர், பதிவு நடைமுறையில் உள்ள காலத்தில், தமது நிலையத்தில் எடுக்கும் சகல உருவப்படங்களையும் அங்கீகரிக்கப்பட்ட நிறத்திலேயே வழங்குதல் வேண்டும். மீறினால் நிலையம் முத்திரையிடப்படும். பதினான்காம் பிரிவு. தான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருந்ததை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தார். இருந்தது.

அந்த ஞாயிறு பள்ளிமுனையில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முதல் நன்மை. பலிபீடத்தின் இடப்பக்கம் கொன்ஸ்ரன்ரைன் கமெராவோடு நின்றார். வலப்பக்கம் றொசாந்தன் பெயின்ற் மட்டையோடு நின்றார். வாழ்க்கையில் ஒருமுறை போடும் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் படத்தில் பழைய நெய் நிறமாகின. மெழுகுதிரிச் சுடர் பச்சையாகியது. படங்களை வாங்க வந்த தாய்மார் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்:

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, இந்தச் சட்டையை ரெண்டு தரம் நீலம் போட்டுத் தோச்சனான். வெள்ளை எங்க?"

"வெள்ளைக்கு அனுமதி இல்லைத் தங்கச்சி" என்றார் அவர். வாயிலிருந்து வந்த சொல் காதில் விழுந்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு சனம் கலியாணத்துக்குப் படமெடுக்க முருங்கனிலிருந்து ஆள் பிடித்தது. ஸ்ரூடியோவின் கதவு திறந்தே கிடந்தது. போட்டோப்பிரதி எடுக்க வருபவர்களைத் தவிர ஒருவரும் வரவில்லை. பெற்றிசியா ஒருநாள் அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"விட்டிடுங்கோ. எழுதிக் குடுத்திட்டு வாங்கோ. எங்களுக்கு இந்தப் பதிவு வேண்டாம்."

"நான் விட்டா அரிப்புச் சனத்தின்ர அட்டை?"

"நீங்கள் விடாமல் இருந்தும் வரேல்லைத்தானே."

அது சரியென்றே அவருக்கும் பட்டது. அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு நீக்கல் படிவம் கேட்டார். நிறஞ்சலா கொடுத்தார். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு சதுரம் இருந்தது. விண்ணப்பதாரரின் உருவப்படத்தை, அங்கீகரிக்கப்பட்ட நிறத்தில், பதிவுபெற்ற படப்பிடிப்பாளர் ஒருவரைக் கொண்டு எடுத்து ஒட்டவும்.

"பதிவுபெற்றது நான் ஒருத்தன்தானே" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"ஓம் அண்ணை."

"அப்ப என்ர படத்தை நானே எடுக்கலாமோ?"

நிறஞ்சலா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தன்னுடைய விண்ணப்பத்துக்குத் தானே சேவை வழங்கினா அது நலன் முரண்பாடாம்."

அவர் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். கீழே இரும்புக்கடையில் யாரோ சங்கிலியை அளந்துகொண்டிருந்தார்கள்.

ஆனி முடிவில் மூன்றாவது தடவையாகப் படங்களைக் கொண்டு போனார். இம்முறை மட்டையைப் பார்த்தே வேலை செய்திருந்தார். எண்பத்தாறு பேரும் பாலாடை நாலு. வின்சன்டின் நெற்றியில் இருந்த வெட்டுத் தழும்பு கூட அந்தப் பாலாடைக்குள் மறைந்துபோயிருந்தது. றொசாந்தன் ஒரு படத்தை எடுத்து முன்னுதாரணத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தலையை ஆட்டினார்.

"கூடிப்போச்சு அண்ணை. உங்கட படம் கடும் நிறம். சேர் இன்னும் மெல்லிசு."

கொன்ஸ்ரன்ரைன் பார்த்தார். உண்மைதான். சித்திரையில் அவர் பார்த்த கன்னத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு பிடி வித்தியாசம் இருந்தது. பணிப்பாளரின் மீசை இன்னும் வெளுத்திருந்தது. சட்டையின் நீலம் ஏறக்குறைய இல்லை.

"தம்பி, இந்தப் படம் மாறியிருக்கு."

"முன்னுதாரணம் மாறாது அண்ணை. உங்கட கண்ணை ஒருக்காக் காட்டுங்கோ. கண் சான்றிதழ் இல்லாமல் அடுத்த முறை ஏற்க ஏலாது."

அவர் கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் ஒளியடித்துப் பார்த்து, நிறப்புள்ளிகளுக்குள் இலக்கங்களை வாசிக்கச் சொல்லி, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது, ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வந்தது போல அவருக்கு நிம்மதி வந்தது. உண்மையில் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தன்னில் பிழையில்லை என்றால் பிழை சுவரில்தான் இருக்க வேண்டும். சித்திரையில் தொலைபேசியில் எடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிறஞ்சலாவிடம் போனார்.

"பிள்ளை, அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்த மூலப்படம் கணினியில எங்கயும் இருக்கோ?"

நிறஞ்சலா சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய மின்னஞ்சல்களுக்குள் தேடினார். படம் திறந்தது.

திரையில் பணிப்பாளர் மில்ரன் நின்றார். நல்ல கறுப்பு முகம். கறுத்த மீசை, சிவந்த உதடு, கடும்நீலச் சட்டை. தாழ்வுபாடு ஊர்க்கரையில் வலை இழுத்துவிட்டு வந்த அவருடைய தகப்பனார் இருந்திருந்தால் அப்படித்தான் இருந்திருப்பார். பச்சை நிழலும் இல்லை, பாலாடையும் இல்லை. கொன்ஸ்ரன்ரைன் திரும்பி உள்ளறையின் மேற்குச் சுவரைப் பார்த்தார். கிழக்கு யன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை, கடல்நீரேரியில் பட்டுத் தெறித்த வெயில் முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் விழுந்தது. இரண்டு வருட வெயில் மலிவு மையின் சிவப்பை முதலில் தின்று, பிறகு மற்றதையும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

"வெயில் குடிச்சிட்டுது" என்றார் அவர் மெதுவாக. "நான் வெயிலுக்குப் பின்னால ஓடிக்கொண்டிருந்திருக்கிறன்."

பணிப்பாளரிடம் விடயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மூலப்படத்தை அச்சடித்து வரச் சொன்னார். மேசையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். ஒரு கட்டத்தில் அவருடைய விரல் அந்தக் கறுத்த கன்னத்தைத் தொட்டு விலகியது.

"இது ஆர்?" என்றார்.

"நீங்கள்தான், சேர்."

"றொசாந்தன்!"

றொசாந்தன் மட்டையோடு வந்தார். மூலப்படத்தின் கன்னத்தில் வைத்தார். சுவரில் இருந்த கன்னத்திலும் வைத்தார். மட்டையை மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். ஆனாலும் அவர் கடமை தவறாத உத்தியோகத்தர்.

"ஈரமண் பன்ரெண்டு, சேர். முன்னுதாரணத்தோட பொருந்தேல்லை."

"அப்ப?"

றொசாந்தன் முத்திரையை எடுத்து மூலப்படத்தின் பின்பக்கத்தில் குத்தினார்.

"பாத்தீங்களோ கொன்ஸ்ரன்ரைன், என்ர படமெண்டும் பாக்கேல்லை. இஞ்ச ஆருக்கும் சலுகை இல்லை," என்றார் பணிப்பாளர். "நான் இந்தக் கதிரைக்கு வர இருபத்தாறு வருசம் எடுத்தது. அந்தச் சுவரில இருக்கிற ஆளா வாறதுக்குத்தான் வந்தனான். வெயில் செய்ததெண்டு சொல்லுறீங்கள். இருக்கட்டும். வெயில் எங்களிட்டப் பதிவுசெய்த வழங்குநர் இல்லை. அதோட நாங்கள் கதைக்க ஏலாது. நீங்கள்தான் பதிவு. நீங்கள்தான் செய்து தரவேணும்."

வின்சன்ட் அன்று பின்னேரம் ஸ்ரூடியோவுக்கு வந்திருந்தார். கதிரையில் இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உங்களைக் குறை சொல்ல வரேல்லை. முகாமில ஒவ்வொரு மாசமும் படம் எடுப்பாங்க. நெஞ்சில சிலேட்டைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம். அந்தப் படத்தில எல்லாரும் கள்ளர் மாதிரித்தான் இருப்பம். ஆனா எங்களைப் பிடிச்சு இது நீ இல்லை எண்டு ஒருத்தனும் சொன்னதில்லை. இஞ்ச வந்து என்ர கடலுக்கு முன்னால நிண்டுகொண்டு, என்ர முகம் பிழையெண்டு சொல்லக் கேக்கிறன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "படகில வெடிப்பு வந்திட்டுது. தண்ணியைக் காணாமல் கிடந்தா அப்பிடித்தான்."

கொன்ஸ்ரன்ரைன் எழுந்து, எண்பத்தாறு படங்களையும், மலிவான மையில், மலிவான தாளில் புதிதாக அச்சடித்தார். தங்கள் சொந்த நிறத்தில், ஒன்றையும் தொடாமல். அவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வின்சன்டோடு அரிப்புக்குப் போனார்.

ஆடி வெயில். கரையில் கருவாடு காயப்போடும் பரண்கள் வரிசையாக நின்றன. ஒரு பரணில் கீரிமீனும் பாரைமீனும் காய்ந்தன. பக்கத்துப் பரணில் எண்பத்தாறு முகங்கள் காய்ந்தன. காற்றில் பறக்காமலிருக்கச் சுகந்தினி ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சிப்பியை வைத்தாள். காகம் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காததால் பெண்கள் முறைவைத்துக் காவலிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் கொன்ஸ்ரன்ரைன் போய் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். ஐந்தாம் நாள் உதடுகள் போயின. பன்னிரண்டாம் நாள் நிழலுக்குள் பச்சை வந்தது. இருபத்தோராம் நாள் வின்சன்ட் தன்னுடைய படத்தை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"செத்தாப்பிறகு நான் இப்பிடி இருப்பன் போல" என்றார்.

எண்பத்தாறு படங்களும் அங்கீகரிக்கப்பட்டன. றொசாந்தன் மட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே போய், எழுபதாவது படத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பணிப்பாளர் வைபவம் வைத்தார். மேடையில் பேசும்போது, கடற்கரைச் சனத்தின் முகத்தில் தங்கள் அலுவலகம் கொண்டுவந்த மாற்றத்தை எல்லோரும் கண்ணால் காணலாம் என்றும், இது மீன் நாற்றம் வீசினாலும் மிக உயர்ந்த தரமான வேலை என்றும் சொன்னார். கைதட்டினார்கள். வின்சன்டுக்கு அட்டை கிடைத்தது, படகு இலக்கமும் கிடைத்தது. சுகந்தினி படகுக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள்.

மறுநாள் விடிய அவர் படகைத் தள்ளிக்கொண்டு துறைக்கு வந்தார். துறையில் அலுவலகம் புதிதாக நியமித்த கண்காணிப்பாளர் அபூசாலி நின்றார். சிலாவத்துறைக்காரர், வின்சன்டுக்கு நன்றாகப் பழக்கமானவர். அட்டையை வாங்கிப் பார்த்தார். வின்சன்டைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"வின்சன்ட் அண்ணன், உங்களை எனக்குத் தெரியும். ஆனா இந்த ஆளைத் தெரியாதே."

"அது நான்தான் அபூசாலி."

"எனக்குத் தெரியுது. விடச் சொல்லி மனசும் சொல்லுது. அட்டையில உள்ள முகமும் ஆளும் ஒண்டா இருந்தாத்தான் விடலாம் எண்டு எழுதித் தந்திருக்காங்க. விட்டா என்ட வேலை போயிரும்."

அன்று எண்பத்தாறு பேரில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. விடயம் மேலே சென்றது. இம்முறை அலுவலகம் வியக்கத்தக்க வேகத்தில் இயங்கியது. இரண்டே நாட்களில் தீர்ப்பு வந்தது. கொன்ஸ்ரன்ரைனை அழைத்துப் பணிப்பாளரே வாசித்துக் காட்டினார்.

"அட்டையில பிழை இல்லை. அட்டை நாலு தரம் பரிசோதிக்கப்பட்டிருக்கு. ஆள் ஒருதரமும் பரிசோதிக்கப்படேல்லை. ஆகவே ஆள்தான் அட்டைக்குப் பொருந்தவேணும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலமை துறைக்கு வரேக்குள்ள அட்டையின்ர நிறத்தில வரட்டும். பொருந்துதெண்டு நீங்கள் அங்க நிண்டு உறுதிப்படுத்தவேணும். பதிவை அஞ்சு வருசத்துக்கு நீடிச்சிருக்கிறன். சந்தோசம்தானே?"

"சேர், நான் படம் எடுக்கிற ஆள்."

"இது அதைவிடப் பெரிசு. படம் ஒருக்காத்தான் எடுக்கலாம். இதை ஒவ்வொரு நாளும் செய்யலாம்."

வழியைக் கண்டுபிடித்தவள் சுகந்தினி. தன்னுடைய முகப்பவுடர் பேணியைக் கொண்டுவந்து, கொஞ்சம் மஞ்சள்மாவும் கலந்து, வின்சன்டின் முகத்தில் தடவினாள். கொன்ஸ்ரன்ரைன் அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய கண் பிழைக்காது, சான்றிதழும் இருந்தது.

"நாடிப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார்.

இப்படித்தான் அது தொடங்கியது. ஆவணியிலிருந்து, ஞாயிறு தவிர எல்லா நாளும், விடியற்காலை நாலரை மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் அரிப்புக்குப் போகிறார். துறையில் சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்கள் வெளுத்த முகங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். கழுத்துக்குக் கீழே எல்லோரும் தங்கள் நிறத்தில் இருக்கிறார்கள். அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, கன்னத்தில் ஒரு தொடுகை, நெற்றியில் ஒரு துடைப்பு என்று சரிசெய்து, பதிவேட்டில் ஒப்பமிடுகிறார். அபூசாலி அட்டையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், விடுகிறார். துறையைத் தாண்டி நூறு யார் தூரம் போனதும் படகிலிருந்து கைகள் நீள்கின்றன. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவுகிறார்கள். கரையிலிருந்து பார்க்க அது ஏதோ வழிபாடு போல இருக்கிறது.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள், வாடை இலேசாகத் திரும்பியிருந்தது. வின்சன்டின் படகு கடைசியாகப் போனது. வின்சன்ட் முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பிக் கையசைத்தார். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. கறுப்பு மட்டும் தெரிந்தது. கொன்ஸ்ரன்ரைன் பவுடர்ப் பேணியை மூடிப் பைக்குள் வைக்கப் போனார்.

"அண்ணன், ஒரு நிமிசம்."

அபூசாலி பக்கத்தில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"வாற மாசத்திலயிருந்து எங்களுக்கும் அட்டையாம். உத்தியோகத்தர் அட்டை. அதைக் காட்டினாத்தான் துறைக்குள்ள வந்து நிண்டு வேலை செய்யலாமாம்." அவர் தொப்பியைக் கழற்றினார். "கந்தோரில எடுத்த படம் இப்ப வெயிலில காயுதாம். எப்பிடி வரும் எண்டு தெரியல்ல. என்ட முகத்துக்கு எவ்வளவு தேவைப்படும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் கண்களை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார். ஐம்பது வருடம் உப்பும் வெயிலும் பட்ட முகம், காலை வெளிச்சத்தில், ஒரு ஒழுங்கும் இல்லாமல், பத்து நிறத்தில் இருந்தது. கொன்ஸ்ரன்ரைனின் கை பழக்கத்தில் மார்புப் பக்கம் போய்த் தடவியது. அங்கே கமெரா இல்லை. அதை அவர் கொண்டு வருவதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது.

அவர் பேணியைத் திறந்தார்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்புங்கோ" என்றார்.